கேமரா இருக்கிறது, பதிவு இருக்கிறதா?

கண்காணிப்பு கேமராவும் மென்பொருளும் பொருந்துகின்றனவா என்று பார்க்கவும், பழுது எங்கே என்று கண்டுபிடிக்கவும் கடைக்காரர்களுக்கு ஒரு பாடம்



கல்லாவுக்கு மேலே ஒன்று, வாசலில் ஒன்று, குடோனில் ஒன்று எனக் கேமரா வைத்திருக்கும் மளிகைக் கடைகள் இன்று ஏராளம். ஆனால் கேமரா மாட்டிய நாளுக்குப் பிறகு அந்தப் பதிவுப் பெட்டியை நாம் திறந்து பார்ப்பது எப்போது? பணமோ சரக்கோ குறைந்த பிறகுதான். மாதக் கடைசியில் இருப்பு எடுக்கிறோம். எண்ணெய் டின் நான்கு குறைகிறது. "கேமராவில் பார்த்துவிடலாம்" என்று உட்கார்ந்தால், பெட்டியில் கடைசி ஆறு நாள் படம் மட்டுமே இருக்கிறது. அல்லது குடோன் கேமரா பல வாரங்களாகக் கறுப்பாகவே கிடக்கிறது. அல்லது படம் இருக்கிறது, அதில் உள்ள தேதி தவறாக இருக்கிறது.

இந்த மூன்று நிலையிலும் பெரும்பாலும் கேமரா கெட்டிருப்பதில்லை. கேமராவுக்கும் அதன் படத்தை வாங்கிப் பதிவு செய்யும் மென்பொருளுக்கும் இடையே பொருத்தம் சரியில்லாமல் இருக்கும். அல்லது ஆரம்பத்தில் சரியாக இருந்து, நடுவில் ஏதோ ஒன்று மாறியதை யாரும் கவனிக்காமல் விட்டிருப்பார்கள்.

ஆகவே இப்பாடத்தில் மூன்று காரியங்களைச் சொல்கிறோம். வாங்குவதற்கு முன் பொருத்தம் பார்ப்பது எப்படி? படம் வராதபோது எந்த வரிசையில் தேடுவது? பதிவு உண்மையிலேயே இருக்கிறது என்பதை வாரந்தோறும் உறுதி செய்வது எப்படி? இதற்கு மின்னணுப் படிப்பு வேண்டியதில்லை. வந்த சரக்கைப் பில்லோடு ஒத்துப் பார்க்கிற நம் பழக்கமே போதும்.

மென்பொருள் எங்கே இருக்கிறது?

"எங்கள் கடையில் மென்பொருள் எதுவும் இல்லை, ஒரு பெட்டிதான் இருக்கிறது" என்று சிலர் சொல்வதுண்டு. அந்தப் பெட்டிக்குள் ஓடுவதும் மென்பொருள்தான். கடைகளில் நாம் காண்பவை மூன்று வகை.

முதல் வகை டி.வி.ஆர். பெட்டி. பழைய முறைக் கோஆக்சியல் கேபிள், அதாவது கடைத்தெருவில் "3+1 கேபிள்" என்று கேட்டு வாங்கும் கேபிள் வழியாக வரும் படத்தை இது பதிவு செய்கிறது. இரண்டாவது என்.வி.ஆர். பெட்டி. இது கணினி நெட்வொர்க் கேபிள் வழியாக ஐ.பி. கேமராக்களின் படத்தை வாங்குகிறது. மூன்றாவது, சாதாரணக் கணினியிலேயே கண்காணிப்பு மென்பொருளை ஏற்றிப் பதிவு செய்வது. ஜோன்மைண்டர் போன்ற இலவச மென்பொருள்களும் உண்டு, பணம் கொடுத்து வாங்குபவையும் உண்டு. கைப்பேசியில் நாம் பார்க்கும் செயலி பெரும்பாலும் இவற்றில் ஒன்றின் வாசல் மட்டுமே.

இவற்றுள் எதுவானாலும் நான்கு கண்ணிகள் கொண்ட சங்கிலி என்று கொள்ளலாம்: கேமரா, கேபிளும் மின்சாரமும், மென்பொருள், ஹார்ட் டிஸ்க். நான்கில் ஒன்று விட்டாலும் பதிவு இல்லை.

வாங்குமுன் பார்க்க வேண்டிய ஐந்து பொருத்தங்கள்

1. சிக்னல் வகை

டி.வி.ஆர். வைத்திருப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதுதான். கோஆக்சியல் கேபிளில் செல்லும் படத்திலும் டி.வி.ஐ., சி.வி.ஐ., ஏ.எச்.டி., பழைய சி.வி.பி.எஸ். எனப் பல வகைகள் உண்டு. பின்னால் உள்ள பி.என்.சி. முனை எல்லாவற்றுக்கும் ஒன்றுபோலவே இருப்பதால், மாட்டினால் மாட்டிக்கொள்ளும். படம் மட்டும் வராது. பல புதிய பெட்டிகள் எல்லா வகையையும் ஏற்கும். பழைய பெட்டிகளில் பல ஒரு வகையைத்தான் ஏற்கும். கேமராவின் கேபிளில் சிறு சுவிட்ச் இருந்தாலோ, அமைப்புப் பட்டியலில் வசதி இருந்தாலோ வகையை மாற்றிக்கொள்ளலாம்.

பெட்டியின் மீது எழுதியுள்ள எண்ணையும் நிதானமாகப் படிக்க வேண்டும். "1080பி" வேறு, "1080என்" வேறு. முன்னது 1920க்கு 1080 புள்ளிகள் கொண்ட முழுப் படம். பின்னது 960க்கு 1080, அதாவது அகலத்தில் பாதி. "லைட்" என்று சேர்த்து எழுதியிருந்தாலும் அது குறைத்த அளவே. நல்ல 2 மெகாபிக்சல் கேமரா வாங்கி 1080என் பெட்டியில் மாட்டுவது, முழு மூட்டைக்குப் பணம் கொடுத்து அரை மூட்டை எடுத்து வருவது போலாகும்.

2. பொது மொழி

ஐ.பி. கேமராவுக்கு இதுவே முக்கியம். 1956-ல் எடை அளவுச் சட்டம் வந்து கிலோவும் லிட்டரும் நிலைபெறுவதற்கு முன் ஊருக்கு ஒரு படி, சந்தைக்கு ஒரு வீசை என்றிருந்ததை மூத்த வணிகர்கள் சொல்லக் கேட்டிருப்போம். கேமரா உலகமும் அப்படித்தான் இருந்தது. 1996-ல் ஸ்வீடன் நாட்டின் ஆக்சிஸ் நிறுவனம் முதல் நெட்வொர்க் கேமராவைக் கொண்டுவந்தது. பின்னர் வந்த நிறுவனங்கள் ஒவ்வொன்றும் தனக்கென ஒரு மொழியை வைத்துக்கொண்டன. ஒரு நிறுவனத்தின் கேமராவை இன்னொன்றின் பெட்டியில் மாட்ட முடியாமல் இருந்தது. 2008-ல் ஆக்சிஸ், பாஷ், சோனி ஆகிய மூன்றும் சேர்ந்து ஆன்விஃப் என்ற அமைப்பைத் தொடங்கிப் பொது விதிகளை வகுத்தன.

இதில் "புரொஃபைல்" என்ற பிரிவுகள் உண்டு. எஸ் என்பது நேரடிப் படத்துக்கானது. டி என்பது 2018-ல் வந்தது, எச்.265 முறையையும் ஏற்பது. ஜி என்பது பதிவுகளைத் தேடி எடுப்பதற்கானது. கேமராவும் மென்பொருளும் ஒரே பிரிவை ஏற்றால்தான் பேச்சு நடக்கும். அட்டைப்பெட்டியில் "ஆன்விஃப்" என்று அச்சடித்திருப்பது மட்டும் போதாது. ஆன்விஃப் அமைப்பின் இணையதளத்தில், தேர்வு பெற்ற கருவிகளின் பட்டியல் மாடல் எண் வாரியாக உள்ளது. கேமராவின் அடியில் உள்ள முழு மாடல் எண்ணை அதில் தேடிப் பாருங்கள். மென்பொருள் நிறுவனங்கள் பலவும் தாங்கள் சோதித்த கேமராக்களின் பட்டியலைத் தனியே வெளியிடுகின்றன. அதையும் ஒத்துப் பார்ப்பது நல்லது.

ஆன்விஃப் இல்லாவிட்டாலும் ஆர்.டி.எஸ்.பி. என்ற முறையைக் கேமரா ஏற்றால் பெரும்பாலான மென்பொருள்களில் படத்தைப் பெறலாம். இது 1998-லேயே வகுக்கப்பட்டது. வழக்கமாக 554 என்ற போர்ட் எண்ணில் இயங்கும். விலை மலிவான வை-ஃபை கேமராக்கள் பலவற்றில் இந்த இரண்டும் இருப்பதில்லை. அவற்றின் சொந்தச் செயலியில் மட்டுமே படம் தெரியும். அவை நம் பெட்டியில் சேராது என்று தெரிந்தே வாங்க வேண்டும்.

3. படத்தைச் சுருக்கும் முறை

கேமரா படத்தை அப்படியே அனுப்புவதில்லை, சுருக்கி அனுப்புகிறது. 2003-ல் வந்த எச்.264, 2013-ல் வந்த எச்.265 ஆகிய இரண்டும் இப்போது புழக்கத்தில் உள்ளவை. எச்.265 குறைந்த இடத்தில் அடங்கும். ஆனால் பழைய பெட்டிக்கும் பழைய கணினிக்கும் அதைப் பிரித்துக் காட்டத் தெரியாது. மேலும் "பிளஸ்", "ஸ்மார்ட்" என்ற பெயரில் நிறுவனங்கள் தங்கள் சொந்த முறைகளையும் சேர்த்திருக்கின்றன. கேமராவும் பெட்டியும் ஒரே நிறுவனமாக இருந்தால் அவை நன்மையே. வெவ்வேறு நிறுவனமானால் அவற்றை அணைத்துவிடுவதே பாதுகாப்பு.

4. கொள்ளளவு

"8 சேனல்" என்று எழுதியிருந்தால் எட்டுக் கேமராவை மாட்டலாம் என்பது மட்டுமே பொருள். எத்தனை மெகாபிக்சல் வரை, மொத்தம் வினாடிக்கு எத்தனை மெகாபிட் வரை ஏற்கும் என்பதைத் தனியே கேட்க வேண்டும். கணினியில் மென்பொருள் ஓட்டுபவர்கள், அந்தக் கணினி இரவும் பகலும் நிற்காமல் ஓட வேண்டியது என்பதை மறக்கக்கூடாது. பில் போடுகிற கணினியிலேயே இதையும் ஏற்றினால் இரண்டும் தடுமாறும்.

5. அரசு விதி

மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்தின் பாதுகாப்பு விதிகள் கண்காணிப்பு கேமராக்களுக்கு 2025 ஏப்ரல் 9 முதல் நடைமுறைக்கு வந்துள்ளன. புதிய கேமரா வாங்கும்போது பி.ஐ.எஸ். பதிவு எண் உள்ளதா, அந்த மாடல் இவ்விதிப்படி சோதிக்கப்பட்டதா என்று விற்பவரிடம் கேட்டு, மாடல் எண்ணைப் பில்லில் எழுதி வாங்குங்கள்.

இந்த ஐந்தையும் பார்த்த பிறகும், பணம் கொடுக்குமுன் ஒன்று செய்யலாம். "எங்கள் பெட்டி இந்த மாடல். ஒரு கேமராவை மட்டும் கொண்டுவந்து மாட்டிக் காட்டுங்கள். நேரடிப் படம் மட்டுமல்ல, பத்து நிமிடம் பதிவு செய்து, அதைத் திருப்பிப் போட்டும் காட்டுங்கள்" என்று கேளுங்கள். நேரடிப் படம் வந்து பதிவு மட்டும் வராத பொருத்தக் குறைகள் உண்டு. அவை இந்தச் சோதனையில் தெரிந்துவிடும்.

எத்தனை நாள் படம் நிற்கும்? ஒரு கணக்கு

டிஸ்க் நிறைந்ததும் பெட்டி பழைய படத்தை அழித்துப் புதியதை எழுதும். ஆகவே எத்தனை நாள் நிற்கும் என்பது வெறும் பெருக்கல் கணக்குதான்.

2 மெகாபிக்சல் கேமரா ஒன்று எச்.265 முறையில் வினாடிக்கு 2 மெகாபிட் அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். எட்டு பிட் ஒரு பைட். எனவே வினாடிக்குக் கால் மெகாபைட். ஒரு நாளில் 86,400 வினாடி. ஆகவே நாளொன்றுக்கு 21.6 ஜி.பி. நான்கு கேமராவுக்கு 86.4 ஜி.பி. 1 டெராபைட் டிஸ்க் என்பது 1000 ஜி.பி. அது பதினொன்றரை நாளில் நிறைந்துவிடும்.

அதே கேமராக்கள் எச்.264 முறையில் வினாடிக்கு 4 மெகாபிட் அனுப்பினால் நாளொன்றுக்கு 172.8 ஜி.பி. அதே டிஸ்க் ஆறு நாள்கூட நிற்காது. மாதத்துக்கு ஒருமுறை இருப்பு எடுக்கிற கடைக்கு ஆறு நாள் பதிவால் என்ன பயன்? முதல் வாரத்தில் போன சரக்கைப் பற்றி எதுவும் தெரியாது. முப்பது நாள் வேண்டுமானால் முதல் கணக்குப்படி 2,592 ஜி.பி. தேவை, 4 டெராபைட் டிஸ்க் போடுவது பொருத்தம்.

பெரிய டிஸ்க் வாங்க இயலாதவர்கள், வினாடிக்கு 25 படத்தை 15 ஆகக் குறைத்து அதற்கேற்ப மெகாபிட் அளவையும் குறைக்கலாம். குடோன் கேமராவை ஆள் நடமாட்டம் இருக்கும்போது மட்டும் பதியச் செய்யலாம். கல்லா கேமராவில் மட்டும் அதைச் செய்ய வேண்டாம். அது இடைவிடாமல் ஓடட்டும். டிஸ்க் வாங்கும்போது கண்காணிப்புப் பதிவுக்கென்றே செய்த வகையைக் கேட்டு வாங்குங்கள். சாதாரணக் கணினி டிஸ்க் இரவு பகலாக எழுதும் வேலைக்குச் செய்யப்பட்டதல்ல.

படம் வரவில்லையா? இந்த வரிசையில் தேடுங்கள்

பழுது பார்ப்பதில் இரண்டு விதிகள். முதலாவது, கேமராவிலிருந்து தொடங்கி டிஸ்க்கில் முடியுங்கள்; நடுவிலிருந்து தொடங்காதீர்கள். இரண்டாவது, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மூன்றை ஒன்றாக மாற்றினால் எதனால் சரியாயிற்று என்பது தெரியாது. அடுத்த மாதம் அதே பழுது திரும்ப வரும்.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. களவு நடந்த பிறகு பெட்டியில் கோளாறு என்றால் "ஃபார்மேட்", "இனிஷியலைஸ்" என்ற பொத்தான்கள் பக்கமே போகாதீர்கள். டிஸ்க்கில் உள்ள பழைய படம் அழிந்துவிடும். யாராவது "ரீசெட் செய்தால் சரியாகும்" என்று சொன்னாலும், முதலில் படத்தை வெளியே எடுத்த பிறகே செய்ய வேண்டும்.

மின்சாரம். பகலில் வரும் படம் இரவில் விட்டுவிட்டு வருகிறதா? இருட்டியதும் கேமராவின் இரவு விளக்குகள் எரியத் தொடங்கும். அப்போது மின்சாரம் கூடுதலாகத் தேவைப்படும். 12 வோல்ட் அடாப்டர் பலவீனமாக இருந்தாலோ, மெல்லிய வயர் நெடுந்தூரம் சென்றாலோ வோல்ட்டேஜ் இறங்கி, கேமரா அணைந்து அணைந்து எழும். நல்ல அடாப்டர் ஒன்றைக் கேமராவுக்கு அருகிலேயே மாட்டிப் பாருங்கள். படம் நின்றால் பழுது மின்சாரத்தில்தான். நெட்வொர்க் கேபிள் வழியாகவே மின்சாரம் தரும் பி.ஓ.இ. முறையில் ஸ்விட்சின் மொத்தத் திறனையும் பார்க்க வேண்டும். 2003-ல் வந்த முதல் தரத்தின்படி ஒரு போர்ட் தருவது 15.4 வாட். சுழலும் கேமராவுக்கு அது போதாமல் போகலாம்.

கேபிள். மளிகைக் கடையில் கேபிளுக்கு முதல் எதிரி எலி. அரிசி மூட்டைக்குப் பின்னால் ஓடும் கேபிளைக் குழாய்க்குள் விட வேண்டும். நெட்வொர்க் கேபிள் 100 மீட்டருக்கு மேல் போகக்கூடாது. நடுவில் ஸ்விட்ச் வைக்க வேண்டும். செம்பு பூசிய அலுமினியக் கேபிள் விலை மலிவு. ஆனால் தூரம் கூடினால் மின்சாரமும் படமும் குறையும். டி.வி.ஆர். ஆனால் ஒரு சுலபமான சோதனை உண்டு. படம் வராத 3-ஆம் எண் கேபிளைக் கழற்றி, நன்றாக ஓடும் 1-ஆம் எண் முனையில் மாட்டுங்கள். படம் வந்தால் பெட்டியின் 3-ஆம் முனையில் கோளாறு. வராவிட்டால் கோளாறு கேபிளிலோ கேமராவிலோ இருக்கிறது.

விலாசம். ஐ.பி. கேமரா ஒவ்வொன்றுக்கும் நான்கு எண்கள் கொண்ட விலாசம் உண்டு. முதல் மூன்று எண்களைத் தெருவின் பெயர் என்றும், கடைசி எண்ணைக் கதவு எண் என்றும் வைத்துக்கொள்ளலாம். ஒரே கதவு எண் இரண்டு கேமராவுக்கு இருந்தால் இரண்டும் மாறி மாறி மறையும். புதிதாக வாங்கிய கேமராக்கள் தொழிற்சாலையிலிருந்து ஒரே விலாசத்தோடு வரலாம். ஆகவே ஒவ்வொன்றாக மாட்டி, விலாசத்தை மாற்றிய பிறகே அடுத்ததை மாட்ட வேண்டும்.

ஓர் உதாரணம். ஒரு கடையில் கேமராக்களின் விலாசம் 192.168.1.11 முதல் 192.168.1.14 வரை என்று வைத்துக்கொள்வோம். இணைய இணைப்பை வேறு நிறுவனத்துக்கு மாற்றுகிறார்கள். புதிய ரூட்டரின் விலாசம் 192.168.0.1. பில் போடும் கணினியில் இணையம் நன்றாக வருகிறது. ஆனால் கணினியில் உள்ள கண்காணிப்பு மென்பொருளில் நான்கு கேமராவும் ஒரே நாளில் மறைந்துவிடும். நான்கும் ஒன்றாகக் கெட்டுப்போகுமா? கெடாது. கணினி புதிய தெருவுக்குப் போய்விட்டது, கேமராக்கள் பழைய தெருவிலேயே நிற்கின்றன. புதிய ரூட்டரின் உள் விலாசத்தைப் பழையபடி 192.168.1.1 என்று மாற்றினாலே எல்லாம் திரும்ப வரும். எல்லாக் கேமராவும் ஒரே நேரத்தில் மறைந்தால் கேமராவைச் சந்தேகிக்க வேண்டாம்; எல்லாவற்றுக்கும் பொதுவாக உள்ள ரூட்டர், ஸ்விட்ச், அடாப்டர் ஆகியவற்றைப் பாருங்கள்.

பாஸ்வேர்டும் நேரமும். "பாஸ்வேர்டு சரிதான், ஆனாலும் ஏற்கவில்லை" என்ற புகார் அடிக்கடி வருவது. இதற்கு மூன்று காரணங்கள் உண்டு. ஒன்று, சில நிறுவனங்களின் கேமராவில் ஆன்விஃப் வசதி அணைக்கப்பட்டே வரும். அதைத் திறந்து, அதற்கென்று தனிப் பயனர் பெயரும் பாஸ்வேர்டும் வைக்க வேண்டும். இரண்டு, கேமராவின் பாஸ்வேர்டை மாற்றிவிட்டு மென்பொருளில் மாற்றாமல் விட்டால், மென்பொருள் பழைய பாஸ்வேர்டையே திரும்பத் திரும்ப அனுப்பும். கேமரா பூட்டிக்கொள்ளும், சிறிது நேரத்துக்குச் சரியான பாஸ்வேர்டையும் ஏற்காது. மென்பொருளை நிறுத்திவிட்டு, அரை மணி நேரம் கழித்து முயலுங்கள். மூன்று, கேமராவின் கடிகாரம் தவறாக இருப்பது. ஆன்விஃப் முறையில் பாஸ்வேர்டோடு நேரமும் சேர்ந்தே செல்கிறது. கேமராவின் கடிகாரமும் கணினியின் கடிகாரமும் பெரிதும் வேறுபட்டால் கேமரா மறுத்துவிடும். கடிகாரத்தைச் சரிசெய்தால் பாஸ்வேர்டும் சரியாகிவிடும்.

படத்தின் ஓட்டம். இதுவரை எல்லாம் சரி, ஆனாலும் மென்பொருளில் கறுப்புத் திரையா? கணினியில் வி.எல்.சி. என்ற இலவச மென்பொருளைத் திறந்து, "ஓப்பன் நெட்வொர்க் ஸ்ட்ரீம்" என்ற இடத்தில் கேமராவின் ஆர்.டி.எஸ்.பி. விலாசத்தைக் கொடுங்கள். அது கேமராவின் கையேட்டில் இருக்கும். வி.எல்.சி.யில் படம் வந்தால் கேமராவும் கேபிளும் விலாசமும் பாஸ்வேர்டும் சரி. குறை மென்பொருளின் அமைப்பில் இருக்கிறது. அங்கேயும் வராவிட்டால் குறை கேமரா பக்கம். டெக்னீஷியனை அழைக்குமுன் இதைச் செய்து வைத்தால், யாரை அழைப்பது என்பதும் தெரிந்துவிடும். குறை மென்பொருள் பக்கம் என்றால், கேமராவை எச்.265-லிருந்து எச்.264-க்கு மாற்றி, "பிளஸ்" வகைகளை அணைத்துப் பாருங்கள். திரையில் எல்லாக் கேமராவையும் ஒன்றாகப் பார்க்கும்போது படம் திக்கித் திக்கி வந்தால், பார்ப்பதற்குச் சிறிய ஓட்டத்தையும் பதிவுக்குப் பெரிய ஓட்டத்தையும் பிரித்துக் கொடுங்கள்.

பழைய பெட்டிகளின் பக்கத்தைக் கணினியில் திறந்தால் படத்துக்குப் பதில் "ப்ளக்-இன் தேவை" என்று வரும். அவை இன்டர்நெட் எக்ஸ்புளோரருக்காகச் செய்யப்பட்டவை. அதற்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2022 ஜூன் 15 அன்று முடித்துக்கொண்டது. எட்ஜ் உலாவியில் உள்ள எக்ஸ்புளோரர் முறையில் திறந்து பாருங்கள். அல்லது அந்நிறுவனத்தின் கணினி மென்பொருளை ஏற்றிக்கொள்ளுங்கள்.

படத்தின் தரம். டியூப் லைட் வெளிச்சத்தில் கோடுகள் ஓடினால், கேமராவின் அமைப்பில் 60 என்றிருப்பதை 50 ஹெர்ட்ஸ் ஆக்குங்கள். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். இரவில் மட்டும் வெண்புகை போலத் தெரிந்தால் கண்ணாடியில் படிந்த மிளகாய்த்தூள், மைதா மாவு, சிலந்தி வலை ஆகியவையே காரணமாக இருக்கும். மெல்லிய துணியால் துடைத்தால் போதும். முகம் அடையாளம் தெரிய வேண்டுமானால் தூரத்தையும் பார்க்க வேண்டும். ஒருவரை அடையாளம் காண மீட்டருக்கு 250 புள்ளி வேண்டும் என்பது சர்வதேசத் தரம். 1920 புள்ளி கொண்ட கேமரா ஏழரை மீட்டர் அகலத்துக்கு மேல் பரப்பிப் பார்த்தால் அது கிடைக்காது. கடை முழுவதையும் ஒரே கேமராவில் அடக்கினால் ஆள் தெரியும், முகம் தெரியாது. கல்லாவுக்கும் வாசலுக்கும் தனித்தனிக் கேமரா வேண்டும் என்பது இதனால்தான்.

பதிவும் டிஸ்க்கும். நேரடிப் படம் நன்றாக வந்து பதிவு மட்டும் இல்லாவிட்டால், பதிவு அட்டவணையைப் பாருங்கள். சில நாள்களோ சில மணி நேரமோ விடுபட்டிருக்கும். பிறகு டிஸ்க்கின் நிலையைப் பாருங்கள். "எரர்" என்று இருந்தால் மாற்றிவிடுங்கள். கணினியானால், தானாக உறங்கிவிடும் அமைப்பை நிறுத்துங்கள். விண்டோஸ் தானாகப் புதுப்பித்துக்கொண்டு மறுபடி தொடங்கும்போது, கண்காணிப்பு மென்பொருளும் தானாகத் தொடங்குகிறதா என்று ஒருமுறை அணைத்து எழுப்பிப் பாருங்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டதையும் நினைவில் கொள்ளுங்கள்.

பாஸ்வேர்டு விஷயத்தில் அலட்சியம் வேண்டாம்

தொழிற்சாலையிலிருந்து வந்த பாஸ்வேர்டை மாற்றாமல் விட்ட கேமராக்களையும் டி.வி.ஆர். பெட்டிகளையும் தேடிப் பிடித்த "மிராய்" என்ற நச்சு மென்பொருள் 2016-ல் உலகெங்கும் பரவியது. அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று, அப்படிப் பிடித்த கருவிகளைக் கொண்டே டைன் என்ற இணைய நிறுவனத்தைத் தாக்கி, பெரிய இணையதளங்கள் பலவற்றை முடக்கினார்கள். அந்தக் கருவிகளின் சொந்தக்காரர்களுக்கு எதுவும் தெரியாது. ஆகவே முதல் நாளே பாஸ்வேர்டை மாற்றுங்கள். மாட்டிக் கொடுத்தவரிடம் மட்டும் பாஸ்வேர்டு இருந்து, நம்மிடம் இல்லாத நிலை கூடாது. ரூட்டரில் போர்ட் திறந்துவிட்டு வெளியிலிருந்து பார்க்கும் முறையைத் தவிருங்கள்.

காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் போகும்போது

2024 ஜூலை 1 முதல், பழைய சாட்சியச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய சாட்சிய அதினியம் நடைமுறையில் உள்ளது. மின்னணுப் பதிவைச் சாட்சியமாக வைப்பது பற்றி அதன் 63-ஆம் பிரிவு கூறுகிறது. பதிவின் நகலோடு ஒரு சான்றிதழ் தர வேண்டும். அதில் முதல் பகுதியில் கருவிக்குப் பொறுப்பானவரும், இரண்டாம் பகுதியில் நிபுணரும் கையெழுத்திட வேண்டும். நகல் மாற்றப்படவில்லை என்பதைக் காட்டும் "ஹேஷ்" மதிப்பையும் குறிக்க வேண்டும். பழைய சட்டத்தின் கீழும் இத்தகைய சான்றிதழ் அவசியம் என்று 2020-ல் அர்ஜுன் பண்டித்ராவ் கோத்கர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஆகவே கைப்பேசியால் திரையைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவதோடு நிறுத்தக்கூடாது. பெட்டியிலிருந்தே பென் டிரைவில் நகல் எடுங்கள். எடுத்த நாள், நேரம், எடுத்தவர் பெயர், பெட்டியின் மாடல் எண், வரிசை எண் ஆகியவற்றை எழுதி வையுங்கள். பெட்டியின் கடிகாரம் உண்மையான நேரத்தைவிட எத்தனை நிமிடம் முன்பின் இருக்கிறது என்பதையும் அப்போதே குறித்துக்கொள்ளுங்கள். மின்சாரம் போய் வந்ததும் தேதி 2000 அல்லது 1970 என்று மாறினால் உள்ளே உள்ள சிறு பேட்டரி தீர்ந்துவிட்டது என்று பொருள். குறைந்த செலவில் மாற்றிவிடலாம்.

திருட வருபவர் முதலில் தேடுவதும் இந்தப் பெட்டியைத்தான். கல்லாவுக்கு அடியில் கண்ணில் படும்படி வைக்காமல், காற்றோட்டமுள்ள பூட்டிய அலமாரியில், யு.பி.எஸ். இணைப்போடு வையுங்கள்.

வாரம் பத்து நிமிடம்

வார விடுமுறைக்குக் கடை அடைக்குமுன் ஒருவர் பொறுப்பேற்று இவற்றைப் பார்க்கட்டும்.

1. எல்லாக் கேமராவிலும் நேரடிப் படம் வருகிறதா?
2. பெட்டியின் கடிகாரம் கைப்பேசி நேரத்தோடு ஒத்திருக்கிறதா?
3. நேற்று இரவு 2 மணிப் பதிவு ஒவ்வொரு கேமராவிலும் ஓடுகிறதா?
4. மிகப் பழைய பதிவு எந்தத் தேதியுடையது? போன வாரத்தைவிட நாள்கள் குறைந்திருக்கின்றனவா?
5. டிஸ்க்கின் நிலை சரியாக இருக்கிறதா?
6. ஏதாவது ஒரு நிமிடப் பதிவைப் பென் டிரைவில் எடுத்து, வேறு கணினியில் ஓடுகிறதா?

ஒரு நோட்டில் தேதி போட்டு ஆறு விடைகளையும் எழுதிக் கையெழுத்திடுங்கள். அதே நோட்டின் முதல் பக்கத்தில் ஒவ்வொரு கேமராவின் மாடல் எண், விலாசம், மாட்டிய தேதி, உத்தரவாதம் முடியும் நாள் ஆகியவை இருக்கட்டும். பாஸ்வேர்டை மட்டும் அதில் எழுதாமல், வீட்டில் தனியே பத்திரமாக வையுங்கள். டெக்னீஷியன் வந்து எதை மாற்றினாலும் என்ன மாற்றினார் என்பதை இந்த நோட்டில் எழுதச் சொல்லுங்கள்.

இந்த இதழைப் படித்து முடித்ததும் முதல் வேலையாக நான்காவது கேள்விக்கு விடை தேடுங்கள். உங்கள் பெட்டியில் உள்ள மிகப் பழைய பதிவு எந்தத் தேதியுடையது? நீங்கள் கடைசியாக இருப்பு எடுத்த நாளுக்கு முன்பு வரை அது போகிறதென்றால் நல்லது. போகவில்லையென்றால், அடுத்த இருப்பு எடுக்குமுன் மேலே சொன்ன கணக்கைப் போட்டு டிஸ்க்கை மாற்றிவிடுங்கள்.